நம் வெயிலுக்கு ஒரு மல்லிகை சென்ட்

பூ வாசனையுள்ள சென்ட் போட்டவர் அறைக்குள் நுழைந்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அளவு தப்பிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் வந்து உட்காரும்போதுதான் தெரிய வேண்டும். மல்லிகை, சம்பங்கி, ஆரஞ்சுப் பூ போன்ற வெள்ளைப் பூக்களின் சென்ட்டுகளுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். ஒரு ஸ்ப்ரே கூடினாலே பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலை வலிக்கும். அந்தச் சரியான அளவும் ஊருக்கு ஊர் மாறும். குளிர்காலப் பாரிஸில் கம்பளிக் கோட்டுக்குள் ஐந்தாறு ஸ்ப்ரே அடிப்பவருக்காக எழுதிய யோசனையை 38 டிகிரி வெயிலில் பேருந்துக்குக் காத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொண்டால் நல்ல சென்ட்டுக்கும் கெட்ட பெயர்தான் வரும்.

மல்லிகையை வைத்தே இதைச் சொல்கிறேன். நமக்கு மூக்கில் பதிந்த பூ அது. போதாததற்கு, வெளிநாட்டுப் புட்டிக்குள் இருக்கும் மல்லிகையும் பல நேரம் நம் ஊர்ப் பூதான். சென்ட் தொழிலுக்குப் போகும் ஜாதிமல்லிச் சாற்றில் பெரும்பகுதி எகிப்திலும் இந்தியாவிலும் எடுக்கப்படுகிறது. இந்தியாவில் அந்த வேலை பெரும்பாலும் தமிழ்நாட்டில் நடக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் அதன் உறவுக்காரக் குண்டுமல்லிகளும் திண்டுக்கல், நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாலை கட்டவும் போகின்றன, சாறு எடுக்கவும் போகின்றன.

சாறு எடுக்கும் முறை கொஞ்சம் தெரிந்திருந்தால் புட்டியைப் பார்க்கும் பார்வை மாறும். ஜாதிமல்லியை விடியலில் பறித்து, தாமதமில்லாமல் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். வெயில் ஏற ஏற அதன் மணம் குறையும். குண்டுமல்லிக்கு வேறு கணக்கு. காலையில் மொட்டாகப் பறித்ததைப் பரப்பி வைத்து, சாயங்காலமோ இரவோ அது வாய் திறந்து மணம் விடத் தொடங்கிய பிறகுதான் தொட்டியில் இறக்குவார்கள். மொட்டாகவே போட்டால் சாற்றில் பச்சை வாடைதான் மிஞ்சும். எண்ணெயைத் தனியாகப் பிரித்தெடுக்கும் நீராவி வடிப்பு மல்லிகைக்கு ஒத்துவராது. சூட்டில் மணம் கெட்டுவிடும், கிடைக்கும் எண்ணெயும் அற்பம். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டு, மிஞ்சும் மெழுகுப் பதமான பொருளைச் சேகரிக்கிறார்கள். தொழிலில் அதற்குக் கான்க்ரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கரைத்து, நன்றாகக் குளிரவைத்து, உறைந்து பிரியும் மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் கிடைப்பது அப்சல்யூட். 1000 கிலோ ஜாதிமல்லிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கான்க்ரீட் வரும். அப்சல்யூட் அதில் ஏறக்குறைய பாதி. ஒரு கிலோவுக்குச் சுமார் 10,000 பூ என்று வைத்துக்கொண்டால் எத்தனை கைகள் எத்தனை விடியலில் வேலை செய்திருக்கும் என்று தெரியும். குண்டுமல்லியில் கிடைப்பது இதைவிடக் குறைவு.

எனவே புட்டியில் அசல் சாறு கொஞ்சமாகத்தான் இருக்கும். மீதியைச் சென்ட் கலைஞர் பென்ஸைல் அசிடேட், லினலூல், ஹெடியோன் போன்ற பொருள்களால் கட்டி எழுப்புகிறார். இதை ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. அசல் அப்சல்யூட்டை மட்டும் ஆல்கஹாலில் கரைத்துப் பூசினால் அது கனத்து, பழம் அழுகியது போன்ற ஓரம் தட்டி, காற்றில் பரவாமல் தோலோடு படுத்துவிடும். கொடியில் இருக்கும் பூவின் காற்றோட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது ஹெடியோன் போன்றவைதான். மல்லிகைச் சாற்றையே அலசிக் கண்டறிந்த மூலக்கூறு அது. 1966இல் சென்ட் கலைஞர் எட்மான் ரூத்நித்ஸ்கா அதைச் சேர்த்து டியோர் கம்பெனிக்காக 'ஓ சோவாஜ்' செய்த பிறகு மல்லிகையை இலேசாகவும் ஈரக்காற்று பட்டாற்போலவும் காட்ட முடியும் என்று தொழிலே கற்றுக்கொண்டது. அது ஆண்களுக்கென்று விற்ற சென்ட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மல்லிகை பெண்களுக்கு மட்டும் என்ற எண்ணத்துக்கு அந்தத் தொழிலில் இடமில்லை.

மல்லிகையின் குணத்தை முடிவு செய்யும் இன்னொரு பொருள் இண்டோல். ஜாதிமல்லி அப்சல்யூட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருக்கும். தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை வாடையும் மலத்தின் வாடையும் கலந்தாற்போல் இருக்கும். துளியளவு பூ மணத்துக்குள் நின்றால் அதுதான் உயிர். அது இல்லாத மல்லிகை சோப்பு மல்லிகையாகிவிடும். நம் சூட்டில் அளவு மீறும்போது முதலில் முகத்தில் அடிப்பதும் இந்த இண்டோல்தான். 'மல்லிகை சென்ட் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது இதன் அளவு. அவர்கள் மல்லிகையை விட்டுவிட வேண்டாம். ஹெடியோன் தூக்கலாக உள்ள, பச்சையோ தேயிலையோ சேர்ந்த மல்லிகையை முகர்ந்து பார்க்கட்டும். குண்டுமல்லியின் மணத்திலேயே தேயிலைச் சாயலும் ஆரஞ்சுப் பூச் சாயலும் உண்டு. ஜாதிமல்லி அதைவிடப் பழச்சுவையோடு, வெதுவெதுப்பாக, இண்டோல் முன்னே தெரிய வரும். அட்டையில் சம்பாக் என்று போட்டிருந்தால் குண்டுமல்லி, கிராண்டிஃப்ளோரம் என்றால் ஜாதிமல்லி.

இனி வெயில். சென்ட் என்பது வெவ்வேறு வேகத்தில் ஆவியாகும் பொருள்களின் கலவை. முதலில் ஆல்கஹாலும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகை, பேரிக்காய், மாண்டரின் போன்ற மேல் மணங்களும் கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பூ முன்னுக்கு வரும். சில மணி நேரத்துக்குப் பிறகு சந்தனம், கஸ்தூரி வகைப் பொருள்கள், வெனிலா எல்லாம் அடியில் நிற்கும். உள்ளே ஏசி அறை என்றால் இந்த வரிசை நிதானமாக நடக்கும். வெளியே உச்சி வெயிலில் மேல் மணம் இரண்டு மூன்று நிமிடத்தில் பறந்துவிடும், பூ முழுவதும் ஒரே மூச்சில் எழும்பும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் மூக்குக்கு அது இன்னும் பலமாகத் தெரியும். வெயிலில் சென்ட் நிற்பதில்லை என்ற குறையும் வெயிலில் சென்ட் குமட்டுகிறது என்ற குறையும் இரண்டுமே இந்த ஒரே காரணத்தால் வருபவை. நாலு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வந்து தீர்கிறது.

இதற்கு மருந்து, அளவைக் குறைப்பதும் அடிக்கும் இடத்தை மாற்றுவதும்.

அளவு. நல்ல புட்டியின் ஒரு முழு அழுத்தில் ஏறக்குறைய 0.1 மி.லி. வரும். ஓ டி டாய்லெட் வகையில் சென்ட் எண்ணெய் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு, ஓ டி பார்ஃபம் 15 முதல் 20, பார்ஃபம் அல்லது எக்ஸ்ட்ரே என்றால் 20க்கும் மேல். கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும். வெள்ளைப் பூ ஓ டி பார்ஃபம் என்றால் பகலில், வெளியில் போய்வரும் நாளில், இரண்டு ஸ்ப்ரே. ஏசி அலுவலகத்துக்கும் அதே இரண்டு, ஆனால் காரணம் வேறு: அங்கே காற்று மூடிய அறைக்குள்ளேயே சுற்றி வருகிறது. மாலை நேரக் கல்யாண வரவேற்புக்கு மூன்று. ஓ டி டாய்லெட் என்றால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போகும்போதும், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், ஆஸ்துமாக்காரர் பக்கத்தில் பயணம் செய்யும்போதும் ஒன்றும் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று ஸ்ப்ரே என்று கணக்குப் போட்டால் 50 மி.லி. புட்டி ஐந்தரை மாதம் வரும். அதற்குள் தீர்ந்துபோனால் அளவு எங்கேயோ ஏறியிருக்கிறது.

இடம். மணிக்கட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கையால் சாப்பிடும் நமக்கு அது சரிப்படாது. ரசஞ்சாதத்தை வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் மல்லிகையும் கூடவே மூக்குக்கு வரும், இரண்டுமே கெட்டுப்போகும். போதாததற்குக் கை கழுவக் கழுவ மணிக்கட்டில் இருப்பதும் போய்விடும். நெஞ்சில், உடுப்புக்கு உள்ளே அடிக்கும் ஒரு ஸ்ப்ரேதான் நம் ஊருக்கு மிகச் சரி. உடம்புச் சூட்டில் அது மெதுவாக மேலேறும், வெயில் நேரடியாகப் படாது, பருத்தித் துணி அதை வடிகட்டி நிதானமாக வெளியே விடும். இரண்டாவது ஸ்ப்ரே பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே. திரும்பும்போது மட்டும் மணம் வரும். அடித்தவர் மூக்கில் இடைவிடாமல் இடிக்காது. மூன்றாவது இருந்தால் இடது முழங்கை மடிப்பின் உள்பக்கம். அக்குளில் வேண்டவே வேண்டாம். வியர்வை வாடையை எந்தப் பூவும் மறைக்காது, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று ஆகும். சவரம் செய்த தோலில் ஆல்கஹால் எரியவும் செய்யும். வாசனையில்லாத டியோடரண்ட் அங்கே, சென்ட் வேறிடத்தில் என்று பிரித்து வைப்பதே நல்லது.

நேரமும் முறையும் முக்கியம். குளித்துத் துடைத்து ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே நின்ற பிறகு, வியர்ப்பதற்கு முன்னால். ஈரத்தோலில் அடித்தால் வழிந்து போகும். வறண்ட தோலில் சீக்கிரம் பறக்கும். வறண்ட தோல்காரர்கள் வாசனையே இல்லாத மாய்ஸ்சரைசரோ துளி வாசலினோ முதலில் தடவிக்கொண்டால் மணம் கூடுதல் நேரம் தங்கும், ஏனென்றால் எண்ணெய்ப் பசை ஆவியாவதைத் தாமதப்படுத்துகிறது. தேங்காய் எண்ணெயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் சொந்த மணம் மல்லிகையோடு கலந்து இனிப்பாகத் திகட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் நாளில் பின்கழுத்து ஸ்ப்ரேயை விட்டுவிடலாம். வாசனைப் பவுடருக்கு மேல் சென்ட் அடிப்பதும் அப்படித்தான்: பவுடர் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும், அதன் மலிவான லாவெண்டர் வாடை மேலே நிற்கும். சந்தன சோப்பு மட்டும் மல்லிகைக்குப் பகையில்லை.

புட்டியை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஸ்ப்ரே பொத்தானை ஒரே வீச்சில் அடிவரை அழுத்த வேண்டும். தயங்கித் தயங்கிப் பாதி அழுத்தினால் மூடுபனியாக வராமல் பெரிய பெரிய சொட்டாக விழும். தோலில் ஒரே இடத்தில் தேங்கி நாள் முழுக்கக் கத்தும், துணியில் பட்டால் கறையாகும். அடித்த பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் ரொம்பப் பேரிடம் உண்டு. மூலக்கூறு உடைந்துபோகும் என்று சொல்வது மிகை. தேய்ப்பதால் சூடு வந்து மேல் மணம் வேகமாகப் பறக்கிறது, தோலின் எண்ணெய் கலக்கிறது. நம் வெயிலில் மேல் மணத்தின் ஆயுளே இரண்டு நிமிடம்தான். அதையும் தேய்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. முப்பது விநாடி சும்மா விட்டால் ஆல்கஹால் தானே போய்விடும்.

பட்டுப் புடவை விஷயத்தில் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். புடவை கட்டிய பிறகு அதன் மேல் சென்ட் அடிக்கக் கூடாது. ஆல்கஹால் பட்டின் சாயத்தை இளக்கி வட்டமாக விளிம்பு விடும். சென்ட்டில் இருக்கும் வெனிலின் போன்ற பொருள்கள் நாளடைவில் பழுப்புக் கறையாகும். சரிகையில் இருக்கும் வெள்ளியும் செம்பும் கறுக்கும். உள்பாவாடையும் ரவிக்கையும் போட்டதும் நெஞ்சிலும் பின்கழுத்திலும் அடித்து, இரண்டு மூன்று நிமிடம் உலரவிட்டு, அதற்குப் பிறகு புடவைக்குப் போகலாம். நடக்க நடக்க மணம் வர வேண்டும் என்று விரும்பினால் பருத்தி உள்பாவாடையின் கீழ் விளிம்பில் ஒரு ஸ்ப்ரே. கீழிருந்து மேலேறும் மணம் மற்ற எல்லாவற்றையும்விட மென்மையாக இருக்கும். முத்து, பவளம் நகைகளைச் சென்ட் காய்ந்த பிறகே போட வேண்டும். ஆல்கஹாலும் எண்ணெயும் முத்தின் மினுமினுப்பைக் குறைக்கும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

தலையில் பூ வைக்கும் நாள் தனி. மொட்டாகக் கட்டிய குண்டுமல்லிச் சரம் மாலை ஆறு மணிக்கு மேல் விரிந்து, இரவில்தான் உச்சத்துக்கு வரும். எந்தப் புட்டியும் அதற்கு ஈடாகாது. அதன் பக்கத்தில் மல்லிகை சென்ட்டை நிறுத்தினால் சென்ட் பிளாஸ்டிக்காகத் தெரியும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை அப்படி அவமானப்படுத்த வேண்டாம். பூ வைத்த நாளில் நெஞ்சில் மட்டும் சந்தனமோ ரோஜாவோ ஒரே ஒரு ஸ்ப்ரே போதும். பூச்சரத்தின் மேலேயே சென்ட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள்; ஆல்கஹால் பட்ட இதழ் சீக்கிரமே பழுப்பேறி வாடிவிடும். கூந்தலுக்கு மணம் வேண்டும் என்றால் சீப்பில் ஒரு ஸ்ப்ரே அடித்து, ஆல்கஹால் போகும்வரை பொறுத்து, பிறகு வாரிக்கொள்ளலாம்.

அளவு ஏறுவதற்குப் பெரிய காரணம் மூக்குதான். ஒரே மணம் இருபது நிமிடம் தொடர்ந்து வந்தால் மூக்கு அதைச் சட்டை செய்யாது. நமக்குத் தெரியவில்லையே என்று இன்னும் இரண்டு ஸ்ப்ரே. மத்தியானம் மறுபடியும் இரண்டு. நமக்கு ஒன்றும் தெரியாது, லிஃப்டில் கூட வருபவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அடி மணத்தில் வரும் செயற்கைக் கஸ்தூரி வகைகளில் சிலவற்றைச் சிலரால் பிறவியிலேயே முகர முடியாது. அவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் சென்ட் செத்துவிட்டதாகத் தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்கு அது நன்றாகவே உயிரோடு இருக்கும். ஆகவே புதிதாக ஒன்று வாங்கியதும் வீட்டில் ஒருவரிடம் மூன்று தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது: அடித்து ஒரு மணி நேரம் கழித்து, மூன்று மணி நேரம் கழித்து, ஆறு மணி நேரம் கழித்து. கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்கு மெலிதாகத் தெரிந்தால் அளவு சரி. அறைக்குள் வந்ததுமே சொன்னால் அடுத்த நாள் ஒரு ஸ்ப்ரே குறைய வேண்டும். மறுபடி அடிப்பதாக இருந்தால் நாலு மணி நேரத்துக்கு முன்னால் வேண்டாம், அதுவும் ஒரே ஒரு ஸ்ப்ரே, முகத்தைக் கழுவி வியர்வையைத் துடைத்த பிறகு.

மீறிப் போட்டாகிவிட்டது என்றால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. சென்ட் எண்ணெய் தண்ணீரில் கரையாது. வாசனையில்லாத கை சானிடைசரைப் பஞ்சில் நனைத்து இரண்டு தரம் துடைத்தால் ஆல்கஹால் அதைக் கரைத்து எடுக்கும். அது இல்லையென்றால் துளி சமையல் எண்ணெய் தடவி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, பிறகு சோப்பு. துணியில் பட்டது துவைத்தால்தான் போகும்.

வாங்கும் இடத்திலேயே பாதித் தப்பு நடந்துவிடுகிறது. மாலில் ஏசி 22 டிகிரியில் ஓடும். அங்கே காகிதத் துண்டில் முகர்ந்து அழகாக இருந்த சம்பங்கி சென்ட் (அட்டையில் டியூபரோஸ் என்று போட்டிருக்கும்) வெளியே வந்து அரை மணி நேரத்தில் வேறு ஆளாகிவிடும். ஒரு தடவைக்கு மூன்று சென்ட்டுக்கு மேல் முகர வேண்டாம். காகிதத் துண்டில் அடித்து, பேரை எழுதி, முதல் ஒரு நிமிடம் மூக்குக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். அப்போது வருவது ஆல்கஹால். பத்து நிமிடம் கழித்துப் பிடித்த ஒன்றை மட்டும் முழங்கை மடிப்பில் ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்து, வெயிலில் நடந்து, சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்விட வேண்டும். அன்றைக்கே வாங்குவது அவசியமில்லை. இடையில் மூக்கைத் தெளியவைக்கக் காப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். அது இன்னொரு பலத்த வாடை, அவ்வளவுதான். சென்ட் படாத நம் சட்டைக் கையை முகர்ந்தாலோ வெளிக்காற்றில் இரண்டு நிமிடம் நின்றாலோ போதும்.

எதை முகர்ந்து தொடங்குவது? 1921இல் எர்னெஸ்ட் போ செய்த ஷனெல் நம்பர் 5இல் மல்லிகையும் ரோஜாவும் ஆல்டிஹைடுகள் என்ற மணப்பொருள்களோடு சேர்ந்திருக்கும். அதைக் குளிர்ந்த மாலைக்கே வைத்துக்கொள்வேன். 1948இல் ஜெர்மைன் செல்லியே செய்த 'ஃப்ரகா' சம்பங்கியின் உச்சம். வெண்ணெய்ப் பதமான அந்தப் பூவுக்கு நம் ஊரில் ஒரு ஸ்ப்ரேயே அதிகம். பகல் வெயிலுக்கு என்றால் 1999இல் கலிஸ் பெக்கர் செய்த டியோரின் 'ஜடோர்' வகைப் பூங்கொத்துகள் இலேசாக நடக்கும். 2017இல் அல்பெர்தோ மொரியாஸ் செய்த 'கூச்சி ப்ளூம்' மல்லிகையையும் சம்பங்கியையும் நம் வேலிகளில் படரும் ரங்கூன் மல்லியையும் பேர் சொல்லி அழைக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அது நன்றாக இருக்கும், மத்தியானத்தில் கனக்கும். இவற்றின் விலைக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. இவற்றைக் கடையில் முகர்ந்து மூக்கைப் பழக்கிக்கொண்டால், குறைந்த விலைப் புட்டிகளில் எது பூவைச் சொல்கிறது, எது சோப்பைச் சொல்கிறது என்று பிரித்தறியலாம். பழைய சென்ட் ஒன்றைப் பல வருடம் கழித்து மறுபடி வாங்கினால் மணம் மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பள்ளத்தாக்கு லில்லி என்ற பூவின் பச்சை மணத்தைத் தந்த லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை செய்ததால் பல பூ சென்ட்டுகளின் கலவை மாற்றப்பட்டது.

இறக்குமதிப் புட்டியின் அட்டையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும். புட்டியின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் அட்டையில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வாங்க வேண்டாம்.

ஆல்கஹாலே வேண்டாம் என்பவர்களுக்கு அத்தர் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்புக் கலயத்தில் பூவைத் தண்ணீரோடு போட்டுக் காய்ச்சி, எழும் ஆவியை நேராகச் சந்தன எண்ணெயில் இறக்கும் முறையில் செய்வார்கள். குண்டுமல்லி அத்தரை மோதியா என்றும் ஜாதிமல்லி அத்தரை சமேலி என்றும் கேட்டு வாங்க வேண்டும். சந்தன எண்ணெயின் விலை ஏறிவிட்டதால் இப்போது பலவும் திரவ பாரஃபின் மேல் செய்தவை. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். அத்தர் தோலோடு ஒட்டி நிற்கும், தூரம் போகாது, அதனால் வெயிலுக்கு உண்மையிலேயே ஏற்றது. கண்ணாடிக் குச்சியின் நுனியால் நெஞ்சில் ஒரு பொட்டு, பின்கழுத்தில் ஒரு பொட்டு. துணியில் பட்டால் எண்ணெய்க் கறை போகாது.

தோல் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயற்கையானது என்பதால் மல்லிகைச் சாறு எல்லோருக்கும் சாது என்று நினைத்துவிடக் கூடாது. சென்ட் தொழிலின் பாதுகாப்பு விதிகளிலேயே மல்லிகை அப்சல்யூட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களை அட்டையில் எழுத வேண்டும் என்றிருந்த ஐரோப்பிய ஒன்றியப் பட்டியல் 2023இல் 80க்கு மேல் நீண்டது. லினலூல் காற்றுபட்டுப் பழசாகும்போதுதான் அரிப்பை அதிகம் தூண்டும். அதனால் அடிப்புட்டியில் மிஞ்சிய பழைய சென்ட் புதியதைவிட ஆபத்து. புதிதாக வாங்கியதை முழங்கை மடிப்பில் ஒரு ஸ்ப்ரே அடித்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். சிவந்து அரித்தால் அந்தச் சென்ட்டைத் தோலில் படவே விடக் கூடாது. பெர்கமாட் எண்ணெய் பதப்படுத்தாமல் சேர்த்த கைவினைச் சென்ட்டுகளை வெயில் படும் கழுத்தில் அடித்தால் வழிந்த தடத்திலேயே கறுத்த கோடு விழும். அது மறைய மாதக்கணக்காகும்.

வைக்கும் இடம் பற்றிக் கடைசியாக. குளியலறை அலமாரி, ஜன்னலோர டிரஸ்ஸிங் டேபிள், வெயிலில் நிற்கும் கார் மூன்றும் கூடாது. சூடும் வெளிச்சமும் மேல் மணத்தை முதலில் அழிக்கும். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் அதற்குள்ளேயே புட்டியை வைத்து, பீரோவின் கீழ்த் தட்டில், சுவரை ஒட்டி வெயில் ஏறாத பக்கமாக வைத்தால் பல வருடம் வரும். ஏப்ரல், மே மாதங்களில் அறையே 35 டிகிரியைத் தாண்டும் வீடுகளில் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கலாம், மூடி இறுக்கமாக இருந்தால் சாம்பார் வாடை உள்ளே போகாது. நிறம் மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இண்டோலும் வெனிலினும் உள்ள வெள்ளைப் பூ சென்ட்டுகள் தானாகவே தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகும். மணம் சரியாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம், வெள்ளைத் துணியில் மட்டும் படாமல் பார்க்க வேண்டும். அடித்து ஒரு நிமிடம் தாண்டியும் புளித்த காடி வாடையோ நகப்பூச்சு நீக்கியின் வாடையோ போகாமல் நின்றால் அந்தப் புட்டி கெட்டுவிட்டது. அதைத் தோலில் அடிக்கக் கூடாது.